எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால்?

ஆங்கில டீச்சரிடம் எட்டாம் வகுப்பு படித்த எவருக்கும் இந்தக் கேள்வி மறந்திருக்காது. ஒரு பெயரடைக்குத் தனியாக அர்த்தம் சொல்ல அவர் விட்டதே இல்லை. "எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால்? அதைச் சொல்லு முதலில்" என்பார்.

காரணம் இருந்தது. பலத்த மழை, பலத்த காற்று என்று நாம் ஒரே சொல்லில் முடிப்போம். ஆங்கிலத்தில் மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங். உயரமான மனிதர் டால், உயரமான மலை ஹை. அகராதியோ இரண்டுக்கும் 'உயரமான' என்றே போடும். அர்த்தத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் சறுக்கினார்கள். சந்தேகம் வந்தால் எதிர்ச்சொல்லைத் தேடச் சொல்வார்: மனிதருக்கு எதிர்ச்சொல் ஷார்ட், அதனால் டால், கூரைக்கு லோ, அதனால் ஹை.

ஈறு மட்டும் மாறும் ஜோடிகளுக்கு இந்தச் சோதனை உதவாது. மனிதன் நிலவில் இறங்கிய 1969 ஜூலை 20 ஒரு ஹிஸ்டாரிக் நாள், வரலாற்றில் இடம்பிடித்தது. வரலாறு சார்ந்த ஆய்வோ, நாவலோ ஹிஸ்டாரிக்கல். இதை வைத்து விதி போட்டால் அடுத்த ஜோடியிலேயே உடையும். எகனாமிக் என்றால் பொருளாதாரம் சார்ந்தது, எகனாமிக்கல் என்றால் சிக்கனமானது. முதல் ஜோடியில் குட்டைச் சொல்லுக்குச் சிறப்புப் பொருள், இரண்டாவதில் நெட்டைச் சொல்லுக்கு. ஒவ்வொன்றையும் அதன் பெயர்ச்சொல்லோடு சேர்த்தே எழுதிப் பழகுவதுதான் வழி.

'ஐ ஆம் போரிங்' என்று எழுதியவனை அவர் கரும்பலகைக்கு அழைத்தது வகுப்புக்கே நினைவிருக்கும். சலிப்பை உண்டாக்குவது 'இங்' ஈறு, போரிங்; சலிப்பை உணர்வது 'எட்' ஈறு, போர்ட். அவன் கண் கலங்கியதைப் பார்த்து, அடுத்த வாக்கியத்தை அவரே எழுதிக் கொடுத்தார்.

இடம் மாறினால் பொருளும் மாறும் என்பது கடைசிப் பாடங்களில் ஒன்று. 'தி டீச்சர் இஸ் லேட்' என்றால் வரத் தாமதம். 'தி லேட் டீச்சர்' என்றால் மறைந்த டீச்சர். அன்று பயிற்சி ஏட்டில் இரண்டையும் அடுத்தடுத்து எழுதினோம்.

அவர் கற்றுத்தந்த ஆங்கிலம்தான் நம்மில் பலரை இத்தனை தூரம் கொண்டுவந்தது. பக்கத்தில் இருந்திருந்தால் நேரில் போய் நின்றிருப்போம். பழைய மாணவர் சங்கத்தின் இரங்கல் செய்தியில் அவர் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சரியான இடத்தில் போட்டு அனுப்பினோம்.