லெக்கேயம் போரைப் புளியங்கொட்டையில் படித்த கதை

எம்.ஏ. வரலாறு முதலாண்டில், கிரேக்கப் போர்களில் இலகு காலாட்படையின் பங்கு பற்றிய 15 மதிப்பெண் கேள்விக்கு எனக்கு 6தான் கிடைத்தது. கேடயமும் ஈட்டியும் ஏந்தி அணியாக நின்று போரிடும் ஹாப்லைட்டுகளுக்குக் கவசம் கனம், ஈட்டி எறியும் இலகு படையினரான பெல்டாஸ்டுகளுக்குக் கால் வேகம், அதனால் ஜெயித்தார்கள் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். சரி, அப்படியானால் கி.மு. 490இல் மாரத்தானில் அதே கனத்த படை பாரசீகர்களை எப்படி ஜெயித்தது? என் விடையில் அதற்குப் பதிலே இல்லை.

மறுமுறை எழுதும்போது ஒரே ஒரு போரை எடுத்துக்கொண்டேன். கி.மு. 390, கொரிந்துக்கு அருகில் லெக்கேயம். சுமார் 600 ஸ்பார்ட்டா ஹாப்லைட்டுகள். எதிரே ஆதென்ஸ் தளபதி இஃபிக்ராட்டீஸின் பெல்டாஸ்டுகள். ஒரு கொட்டைக்குப் பத்துப் பேர் என்று 60 புளியங்கொட்டைகளைத் தரையில் வரிசையாக வைத்தேன். அக்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் செனொபோன் சொல்லும் ஒவ்வொரு அசைவுக்கும் கொட்டைகளை நகர்த்தினேன். ஈட்டிகள் பாய்ந்ததும் ஸ்பார்ட்டாவின் தளபதி இளம் வயதினரை மட்டும் விரட்ட அனுப்புகிறார். பெல்டாஸ்டுகள் பிடி கொடுக்காமல் ஓடுகிறார்கள். விரட்டியவர்கள் ஆளுக்கொரு வேகத்தில் ஓடியதால் சிதறிவிட்டார்கள். திரும்பி நடக்கும்போது முதுகிலும், கேடயம் இல்லாத வலப்பக்கத்திலும் ஈட்டி விழுகிறது. முதல் விரட்டலிலேயே ஒன்பது பத்துப் பேர் போனார்கள். அடுத்த விரட்டலில் இன்னும் அதிகம்.

கொட்டைகள் சிதறிக் கிடந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. தோல்விக்குக் கனம் மட்டும் காரணமல்ல. அணியாக நின்றால் ஈட்டி, விரட்டினால் சிதறல். கொரிந்துப் பக்கம் தளபதி கல்லியாஸின் ஆதென்ஸ் ஹாப்லைட்டுகள் வேறு தயாராக நின்றார்கள். ஓடுபவர்களை மடக்க வேண்டிய ஸ்பார்ட்டாவின் குதிரைப்படையோ, வந்த பிறகும் காலாட்படையோடு ஒரே வரிசையில் போனது! என்னைக் கேட்டால் விடையின் உயிர் அந்தக் குதிரைப்படைதான். அதை விட்டுவிடாதீர்கள். மொத்தம் சுமார் 250 பேர் இறந்தார்கள்.

அப்புறம், தனியாக ஒரு பத்தி ஸ்ஃபாக்டீரியாவுக்கு ஒதுக்குங்கள். கி.மு. 426இல் ஏட்டோலியாவின் ஈட்டி எறிபவர்களிடம் 120 ஆதென்ஸ் ஹாப்லைட்டுகளை இழந்தவர் ஆதென்ஸ் தளபதி டெமொஸ்தெனீஸ். மறு ஆண்டே ஸ்ஃபாக்டீரியா தீவில் ஸ்பார்ட்டாவின் 420 பேர் மேல் இலகு படையை வைத்துத் தூரத்திலிருந்து தாக்கும் அதே உத்தியைப் பிரயோகித்தார். 292 பேர் உயிரோடு சரணடைந்தார்கள்.