காம்ஷெட் பாராகிளைடிங்: உங்கள் எடைக்கு ஏற்ற விங் கேட்டு வாங்குங்கள்

பாராகிளைடிங் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: என் எடைக்கு ஏற்ற விங் (தலைக்கு மேல் விரியும் துணி இறக்கை) உங்களிடம் இருக்கிறதா? புனே பக்கத்தில் இருக்கும் காம்ஷெட்டிலிருந்து திரும்பிய சூட்டோடு எழுதுகிறேன். வழி, செலவு எல்லாம் அப்புறம்.

நான் 52 கிலோ. முதல் நாள் காலை என்னிடம் கொடுத்தது எம் சைஸ். அதில் தைத்திருந்த லேபிளில் 80 முதல் 100 கிலோ என்று இருந்தது. இது உடம்பின் எடை மட்டும் அல்ல. விங், ஹார்னெஸ் (உடம்போடு கட்டிக்கொள்ளும் இருக்கை), ரிசர்வ் பாராசூட், ஹெல்மெட், ஷூ என்று தரையை விட்டுக் கிளம்பும் அத்தனையும் சேர்த்து. அப்படிக் கூட்டியும் எனக்கு 67தான் வந்தது. காற்று லேசாக வலுத்தவுடன் விங் என்னைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனது. முழங்கையில் தோல் உரிந்ததுதான் மிச்சம். பயிற்சியாளரிடம் கேட்டதற்கு, "பெரிய விங்னா மெதுவா இறங்கும், பயப்படாதீங்க" என்று பதில். 18,000 ரூபாய் கட்டியவளிடம் சொல்லும் பதிலா இது?

பெரியது என்றால் பத்திரம் என்பது தவறு. எடை போதாத விங் காற்றில் தொய்வாக நிற்கும், எளிதில் மடங்கும். வேகமும் குறைவதால், எதிர்க்காற்று பலமாக இருந்தால் முன்னேற முடியாமல் பின்னுக்குத் தள்ளப்படலாம். எடை மிஞ்சினாலோ வேகம் கூடும், திருப்பங்கள் வெடுக்கென்று இருக்கும். அதனால்தான் ஒரே டிசைனை நாலைந்து சைஸில் தைக்கிறார்கள். ஐரோப்பியத் தரச் சோதனையில் ஒவ்வொரு சைஸையும் தனித்தனியாக, அதன் குறைந்தபட்ச எடையிலும் அதிகபட்ச எடையிலும் பறந்து பார்க்கிறார்கள். அதில் தரும் ஏ, பி, சி, டி என்ற தரங்களில், புதிதாகக் கற்கும் நமக்கு ஏ தான். அகலம் குறைந்து தடித்த வடிவம், காற்று நிரம்பும் அறைகள் குறைவு. ஒரு பக்கம் மடங்கினாலும் பெரும்பாலும் தானாகவே விரிந்துகொள்ளும். இந்தச் சான்றெல்லாம் லேபிளில் போட்டிருக்கும் எடைக்குள் இருப்பவருக்குத்தான்.

மாலையில் வேறொரு பயிற்சியாளர் வந்தார். என்னைப் பார்த்ததுமே வண்டியிலிருந்து அதே மாடலில் எஸ் சைஸை எடுத்துக் கொடுத்தார். 55 முதல் 75 கிலோ. அடடா! ஏ ரைசரை (விங்கின் முன்பக்கக் கயிறுகள் சேரும் பட்டை) லேசாகத் தூக்கியதும் தலைக்கு மேல் வந்து அசையாமல் நின்றது. ஓடினேன், கால் தரையில் இல்லை! சின்னக் குன்றிலிருந்து வயல் வரைக்கும்தான், ஆனால் பிரேக்கை இழுத்த பக்கம் விங் திரும்பியது. காலையில் பட்ட கோபமெல்லாம் போய், உடனே இன்னொரு தடவை ஏற வேண்டும் என்றுதான் தோன்றியது.

சரி, வழி. புனேயிலிருந்து லோனாவாலா போகும் லோக்கல் ரயில் காம்ஷெட்டில் நிற்கும். டிக்கெட் மிக மலிவு. ஸ்டேஷன் வாசலில்தான் கொள்ளை: தங்குமிடம் வரை ஆட்டோவுக்கு 500 ரூபாய் கேட்டார்! 350க்கு இறங்கினார், அதுவும் அதிகம். மறுநாள் அதே தூரத்துக்கு ஷேர் ஆட்டோவில் 40 தான் ஆனது. விசாரித்துவிட்டு ஏறுங்கள்.

அந்தக் கடுப்பை மறக்கடித்தது ஒரு வீட்டுச் சாப்பாடு. அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்த சோள பாக்கரி (ரொட்டி), கடலைமாவில் செய்த பிட்லா, பச்சை மிளகாய் தேச்சா (காரத் துவையல்), பச்சை வெங்காயம். 120 ரூபாய்க்கு வயிறு நிறைந்தது. ஹோட்டல் மெனு கார்டைத் தொடவே வேண்டாம்.

மழைக்காலத்தில் வகுப்பு கிடையாது. அக்டோபருக்கு மேல் போங்கள். முன்பணம் அனுப்பும்போதே உங்கள் எடையைச் சொல்லி, எந்த சைஸ் தருவார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒல்லியான பெண்களும் கல்லூரிப் பிள்ளைகளும் கட்டாயம் இதைக் கேட்க வேண்டும். "எல்லாருக்கும் எம் சைஸ்தான்" என்றால் வேறு பள்ளியைப் பாருங்கள். காம்ஷெட்டில் பள்ளிக்கா பஞ்சம்?