ஒரு துப்பாக்கி, இரண்டு குழல்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு முன்னால் சரளைக்கல் ரோடு. ஒரு பக்கம் மக்காச்சோளம், மறுபக்கம் சோயா. பக்கத்து வீட்டு விளக்கு கண்ணுக்குத் தெரியும், குரல் கொடுத்தால் கேட்காது. குடிவந்த இரண்டாவது மாதம், ஓர் இரவு இரண்டு மணிக்கு யாரோ கராஜ் கதவை ஆட்டிப் பார்த்தார்கள். 911-ஐக் கூப்பிட்டோம். போலீஸ் கார் வந்து சேர 28 நிமிடம் ஆனது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. இங்கே தூரம் அப்படி. அந்த 28 நிமிடமும் மனைவி இரண்டு பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்திருந்தாள். நான் மகனின் கிரிக்கெட் மட்டையோடு ஹாலில் நின்றேன். வந்தவன் போய்விட்டான். எனக்குத்தான் பல நாள் தூக்கம் வரவில்லை.

துப்பாக்கி எனக்குப் புதிது என்று சொல்ல முடியாது. சிறுமலை அடிவாரத்தில் தாத்தாவுக்கு லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. கடலைக் காட்டில் இறங்கும் காட்டுப்பன்றியை விரட்டத்தான். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் ஸ்டேஷனில் ஒப்படைத்து, ரசீதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்வார். குழலைத் தொட எங்களை விட்டதே இல்லை. துப்பாக்கி என்றால் சர்க்காருக்குப் பதில் சொல்லவேண்டிய பொருள் என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது. அது ஒரு விதத்தில் நல்லதாகவே போயிற்று.

எச்-1பி விசாவில் இருக்கும்வரை இங்கே துப்பாக்கி வாங்குவது பொதுவாகச் சட்டப்படி முடியாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. நான் கிரீன் கார்டு வரும்வரை காத்திருந்தேன். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பவேண்டும். குடியேற்ற நிலை முதல் கஞ்சா பழக்கம் வரை அதில் கேட்பார்கள். சில மாநிலங்களில் கஞ்சா சட்டப்படி கிடைத்தாலும் மத்திய சட்டத்தில் அது தடைதான். நம் ஆட்கள் சிலருக்கு இது தெரிவதில்லை. பொய் சொன்னால் அது தனிக் குற்றம். நிதானமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டேன்.

எதை வாங்குவது என்பதில்தான் பக்கத்துப் பண்ணைக்காரர் உதவினார். எழுபது தாண்டியவர். வேட்டைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று நான் பட்டியல் போட்டுக்கொண்டு போனபோது, ஒன்றே ஒன்று வாங்கு, கண்ணை மூடிக்கொண்டு கையாளும் அளவுக்கு அதைப் பழகு என்றார். இருட்டில் பதறும்போது கை பழகினபடிதான் போகும். இரண்டு துப்பாக்கிக்கு இரண்டு பழக்கம் வேண்டாம் என்பது அவர் கணக்கு. 1950-இல் வந்த ரெமிங்டன் 870 என்ற ஷாட்கனை, அதாவது ரவை சிதறும் துப்பாக்கியை, அவர் வாழ்நாள் முழுக்க வைத்திருக்கிறார். நான் எடுத்தது மோஸ்பெர்க் 500, அதுவும் ஷாட்கன்தான். இரண்டும் பம்ப் வகை: குழலுக்குக் கீழே உள்ள முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். அதன் சேஃப்டி பித்தான் மேலே, கட்டைவிரல் தானாகப் போய் நிற்கும் இடத்தில் இருக்கிறது. மனைவி இடதுகைக்காரி, 870-இல் அது விசைக்குப் பின்னால் பக்கவாட்டில் இருப்பதால் அவளுக்குத் தோதுப்படவில்லை.

என் துப்பாக்கி 12 கேஜ். அப்படியென்றால் என்ன என்று ஊரில் கேட்கிறார்கள். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாகப் பிடித்தால், அந்த ஓர் உருண்டையின் அகலம்தான் குழலின் உள் அகலம். எண் கூடக்கூடக் குழல் சிறுத்துப் போகும். வீட்டில் ஒரே கேஜ் இருப்பதற்கு இன்னொரு நல்ல காரணமும் உண்டு. 20 கேஜ் தோட்டா தவறிப்போய் 12 கேஜ் குழலுக்குள் விழுந்தால் வழியில் சிக்கி நிற்கும். அது தெரியாமல் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். அதனால்தான் 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள்.

நான் வாங்கியதில் ஒரே உடம்புக்கு இரண்டு குழல் வரும். ஒன்று 28 அங்குலம், வாயில் சோக் என்ற திருகு வளையம் மாற்றலாம், ரவை எவ்வளவு பரவவேண்டும் என்பதை அது முடிவு செய்யும், பறவைக்கு. இன்னொன்று 18.5 அங்குலம், வளையம் கிடையாது, வீட்டுக்கு. 18 அங்குலத்துக்குக் குறைவான ஷாட்கன் குழலை மத்திய அரசில் பதியாமல் வைத்திருக்கக் கூடாது, ஆகவே ரம்பத்தால் அறுத்துச் சின்னதாக்கும் வேலையெல்லாம் கூடவே கூடாது. குழல் மாற்ற இரண்டு நிமிடம் போதும். முதலில், குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையும், மற்றத் தோட்டாக்கள் நிற்கும் மேகசின் குழாயும் காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்கவேண்டும். முன்கட்டையைப் பாதி பின்னுக்கு இழுத்து, முனையில் உள்ள திருகைக் கழற்றினால் குழல் கையோடு வந்துவிடும்.

பக்கத்துப் பண்ணைக்காரர் நிலத்தில் ஒரு மண்மேடு இருக்கிறது. அதன் முன்னால் பழுப்புக் காகிதத்தை ஒட்டி, நடுவே 30 அங்குல வட்டம் வரைந்து, 40 கெஜத்திலிருந்து சுட்டுப் பார்த்தோம். 5-ஆம் எண் ஈய ரவை, ஒன்றேகால் அவுன்ஸ். தோட்டாவுக்குள் 210 ரவை போல இருக்கும். மாடிஃபைட் என்ற நடுத்தர சோக்கில் கிட்டத்தட்ட அறுபது சதவீதம் வட்டத்துக்குள் விழவேண்டும் என்பது பழைய கணக்கு. காகிதத்தைச் சமையலறை மேசையில் விரித்து, மகள் ஒவ்வொரு ஓட்டையையும் பேனாவால் சுழித்து எண்ணினாள். 121. வேறொரு கம்பெனியின் அதே எடைத் தோட்டா, அதே குழல், அதே சோக்: 139. அதைவிடத் தளர்வான இம்ப்ரூவ்ட் சிலிண்டர் சோக்குக்கு மாற்றியபோது 98. தோட்டா மாறினால் துப்பாக்கியே வேறு மாதிரி நடந்துகொள்கிறது. காகிதத்தில் எண்ணிப் பார்க்காமல் காட்டுக்குப் போகிறவர் பறவையைக் காயப்படுத்தி விட்டுவிடுவார். அது எனக்குப் பொறுக்காது.

அப்புறம் சின்னக் குழல். எங்கள் படுக்கையறை வாசலிலிருந்து தெருக்கதவு வரை அளந்தேன், 7 கெஜம். அதே தூரத்தில் டபுள்-ஆட் பக்ஷாட், அதாவது 0.33 அங்குலக் குண்டுகள் ஒன்பது. காகிதத்தில் ஒன்பது ஓட்டையும் என் விரித்த கைக்குள் அடங்கின. ஷாட்கன் என்றால் குறி பார்க்கவே வேண்டாம், அறை முழுக்கப் பரவிவிடும் என்று இங்கேயே பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்குள் இருக்கும் தூரத்தில் அது சுத்தப் பொய்.

அதைவிட என்னை உலுக்கியது அடுத்த வேலை. இந்த வீடுகளில் உள்சுவர் செங்கல் இல்லை. மரச்சட்டத்தின் இரு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, உள்ளே வெறும் இடைவெளி. மிச்சமிருந்த பலகைகளைக் கொண்டு அப்படி மூன்று போலிச் சுவர் செய்து, மண்மேட்டுக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திச் சுட்டேன். குண்டுகள் மூன்றையும் துளைத்து மண்ணில் போய்ப் புதைந்தன. பறவை ரவைகூட முதல் சுவரைத் தாண்டியது. வெள்ளைத் தூள் அடங்கின பிறகு அந்த ஓட்டைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். எங்கள் அறை வாசலில் நின்று தெருக்கதவைப் பார்த்தால், அந்தக் கோட்டில் இடதுபக்கச் சுவருக்குப் பின்னால்தான் பிள்ளைகளின் கட்டில் இருந்தது.

அன்று சாயந்திரமே அறைகளை மாற்றினோம். பிள்ளைகள் இப்போது எங்கள் அறைக்குப் பின்னால். பழைய அறையில் புத்தக அலமாரியும் தையல் மெஷினும். துப்பாக்கியில் எந்த உதிரிபாகம் மாட்டுவது என்று நான் மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தேன். கட்டிலை நகர்த்தியதுதான் உண்மையான பாதுகாப்பு. கராஜ் பக்கம் ஆள் நடமாடினால் எரியும் விளக்கு போட்டோம். துப்பாக்கியில் மாட்டும் டார்ச் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அதை ஒருவர் மேல் அடித்தால் குழலும் அவர் மேல்தானே நிற்கும்? நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்த மகனாக இருந்தால்? ஹால் விளக்கின் சுவிட்சை எங்கள் அறைக்குள் கொண்டுவந்தோம். சத்தம் கேட்டால் தேடிக்கொண்டு போவதில்லை. எல்லோரும் ஓர் அறையில், கதவைப் பார்த்தபடி, மனைவி 911-இல் பேசுவாள். வீட்டில் இதுதான் பேச்சு. பம்ப் இழுக்கும் சத்தத்துக்கே திருடன் ஓடிவிடுவான் என்பதை நம்பி இருக்க முடியாது.

துப்பாக்கி அலமாரிக்குள், சுவர்ச்சட்டத்தில் திருகி இறுக்கிய இரும்புப் பெட்டியில் இருக்கிறது. பூட்டு எண் எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். துப்பாக்கியில் தோட்டா அறை எப்போதும் காலி. 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கையில் கிடைக்கும்படி குண்டு போட்ட துப்பாக்கியை வைத்து, பிள்ளை அதை எடுத்துத் தவறாகப் பயன்படுத்தினால், வைத்தவர் மேல் இங்கே குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் தாத்தா அப்படித்தான் வளர்த்தார்.

வேட்டைக்குப் போக முதலில் பாடம் படிக்கவேண்டும். அயோவாவில் 1972 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர்கள் பொதுவாக வேட்டைக் கல்வியை முடிக்காமல் உரிமம் வாங்க முடியாது. ஃபெசன்ட் என்ற, கோழி இனத்துக் காட்டுப் பறவையின் சீசன் அக்டோபர் கடைசி சனிக்கிழமை தொடங்கி ஜனவரி 10 வரை. காலை 8 முதல் மாலை 4.30 வரை, சேவல் மட்டும், நாளைக்கு மூன்று. உடம்பில் ஆரஞ்சு நிறம் இருக்கவேண்டும். வாத்துக்குப் போனால் சட்டம் வேறு: 1991 முதல் நாடு முழுக்க ஈய ரவைக்குத் தடை, மேகசினுக்குள் மரக்குச்சி செருகி மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் போகாதபடி செய்யவேண்டும்.

முதல் சேவல் என் பூட்ஸ் பக்கத்திலிருந்தே கொக்கரித்துக்கொண்டு எழுந்தது. சுட்டேன், தவறியது. பதற்றத்தில் முன்கட்டையை முழுசாகப் பின்னுக்கு இழுக்கவில்லை. காலித் தோட்டா பாதி வழியில் மாட்டிக்கொண்டது. சேவல் சோளத்தட்டைக்கு மேலே நிதானமாகப் பறந்து போனது. வீட்டில் ஓர் இரவு இப்படி மாட்டியிருந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு அங்கேயே வந்துவிட்டது. அதிலிருந்து தினமும் இரவு போலித் தோட்டா போட்டு ஐம்பது தடவை இழுத்துப் பழகுகிறேன். நிற்கும்வரை பின்னால், நிற்கும்வரை முன்னால். மூன்றாவது வாரம் ஒரு சேவல் விழுந்தது. தோலை உரித்து, மார்புக் கறியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நான்கு ரவையை எடுத்தேன். மனைவி மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு நாட்டுக்கோழி மாதிரி வைத்தாள். கொழுப்பே இல்லாத கறி, எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறது. ஒரு கிண்ணம் பக்கத்துப் பண்ணைக்கும் போனது.

கடைசியாக மாற்றியது பின்கட்டை. கடையில் வந்தது மனைவியின் தோளுக்கு நீளம். கன்னத்தை வைத்தால் விசைக்கு விரல் எட்டவில்லை, உதையும் தாங்கவில்லை. 13 அங்குலக் கட்டை வாங்கி மாட்டினோம். எனக்குச் சற்றுக் குட்டை என்று பயந்தேன். ஆனால் டிசம்பரில் தடித்த கோட்டுப் போட்டுத் தோளில் வைத்தபோது அளவெடுத்தது போல உட்கார்ந்தது. அவளுக்காக உதை குறைந்த பக்ஷாட் எடுத்தோம். போன சனிக்கிழமை மண்மேட்டில் ஐந்து தோட்டா சுட்டாள். காதடைப்பைக் கழற்றிவிட்டு, "இன்னும் ஒரு பெட்டி வாங்குங்க, அடுத்த வாரமும் வருவேன்" என்றாள்.