கிரீன் கார்டும் ஆறு பங்கு மணலும்

கோலாலம்பூரின் செந்தூல், ஜிஞ்சாங் பக்கத்தில் வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகளை அறநிறுவனப் பயிற்சியில் சேர்த்துக் கட்டுமான வேலைக்கு அனுப்புகிறோம். இதில் கொத்துக் கரண்டிக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஐ.சி. என்கிற அடையாள அட்டை. சிலரிடம் முகவரி பழசு, சிலரிடம் அட்டை உடைந்தது, சிலரிடம் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐ.சி. பயிற்சி முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கட்டுமானத் தளமான சைட்டுக்குள் நுழையத் தேவையான கிரீன் கார்டு தள்ளிப்போகும். கார்டு இல்லாதவரைச் சைட் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஐ.சி.யைச் சரிசெய்ய ஒரு மாதம் முன்பே தேசியப் பதிவிலாகாவுக்கு அனுப்பிவிடுங்கள்.

கிரீன் கார்டு கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி. தருவது, 1994-ஆம் ஆண்டின் 520-ஆவது சட்டப்படியான பதிவு. ஒருநாள் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்தால் போதும். ஆனால் அது சைட்டுக்குள் நுழைய மட்டுமே. சுவர் கட்டத் தெரியும் என்பதற்குச் சான்று எஸ்.கே.எம். என்கிற மலேசியத் திறன் சான்றிதழ். பல வருடம் அப்பாவோடு கொத்தனார் வேலைக்குப் போய்ப் பழகியவருக்கு வகுப்பே தேவையில்லாமல் இருக்கலாம். செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுத்துக் காட்டி, முன் அனுபவ அங்கீகார வழியாக அதே சான்றிதழை வாங்கலாம். இது தெரியாமலே பலர் கூலியாளாகக் காலம் தள்ளுகிறார்கள்.

பயிற்சிக் கூடத்தில் முதல் வாரம் பெரும்பாலும் கலவையிலேயே போகும். ஒரு பங்கு சிமிண்டு, ஆறு பங்கு மணல். சவளில் (மண்வாரியில்) அள்ளினால் ஒவ்வொரு தடவையும் குவியல் மாறும். வாளியில் அளந்து விளிம்பைத் தட்டிவிட வேண்டும். மழையில் நனைந்த மணல் உப்பி நிற்கும். வாளி நிறைந்தாலும் உள்ளே மணல் குறைவு. அதனால் சிமிண்டு கூடி, காய்ந்ததும் சுவர் வெடிக்கும். தண்ணீர் ஊற்றிய கலவையை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இறுகியதில் மறுபடி தண்ணீர் விட்டுக் குழைப்பதுதான் பையன்கள் அதிகம் செய்யும் தப்பு. பார்க்க நன்றாக இருக்கும், பிடிப்பு இருக்காது.

பரீட்சைச் சுவர் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரம். அரைச் செங்கல் தடிமன் உள்ள அரைக்கல் சுவருக்குச் சுமார் 60 செங்கல் பிடிக்கும். கல்லின் உயரம் 65 மி.மீ., இடையில் கலவை 10 மி.மீ. ஆக நான்கு வரிசைக்குச் சரியாக 300 மி.மீ. ஏற வேண்டும். டேப்பை வைத்து 312 காட்டினால் கலவையைத் தடியாகப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். தூக்குக்குண்டு விடும் முன்பே தெரிந்துவிடும். கல்லின் பக்கவாட்டில் ஓரத்துக்கு மட்டும் பூசி நடுவை வெறுமையாக விட்டால் அந்த இடுக்கில்தான் மழைத்தண்ணீர் கசியும். வைத்த கல் கோணலென்று அப்புறமாகத் தட்டி நேர்ப்படுத்தவும் கூடாது. எடுத்துவிட்டுப் புதுக் கலவை போட வேண்டும்.

வேலை கிடைத்தபின் ஆள் விலகுவது பெரும்பாலும் முதல் சம்பளத்துக்கு முன்னால்தான். போக்குவரத்துச் செலவு தாங்காது. குடிமக்களின் ஐ.சி.யான மைகார்டு உள்ளவருக்கு 50 ரிங்கிட் மாதப் பாஸ் இருக்கிறது, பஸ், எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. ரயில் எல்லாம் அதிலேயே ஏறலாம். சிவப்பு ஐ.சி. பிள்ளைகளுக்கு அது கிடையாது. அவர்களுக்குத்தான் நிதியில் முதல் மாதப் பயணக்காசை ஒதுக்கி வைக்கிறோம். பாதுகாப்புக் காலணி தரும் நன்கொடையாளர் நிறைய இருக்கிறார்கள், பஸ் காசு தருகிறவர்தான் குறைவு.

குத்தகையாளர் வேலைக்கு எடுத்த 30 நாளுக்குள் அவரைச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் பதிய வேண்டும். முதல் சம்பளச் சீட்டு வந்ததும் அதில் சொக்சோ கழிவு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மறுநாளே கேட்கச் சொல்கிறோம். சாரம் சரிந்து விழும்வரை காத்திருக்கக் கூடாது.