அறுவை வளைந்தால் பாரைப் பாருங்கள்: செயின் சா வேலை, இதுவரை

வேப்பந்தடியில் பலகை எடுக்கலாம் என்று இறங்கினால், அறுவை வலப்பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போனது. பாதி ஆழத்தில் பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளமான இரும்புத் தகடு, இறுகி மெஷின் முனகியது. செயினைப் புதுசு மாதிரி தீட்டி மாட்டியும் அதே வளைவு. வலது பல், இடது பல் ஒரே நீளம். பல் எவ்வளவு ஆழம் கடிக்கும் என்பதை அளக்கும் முன்மேடு, டெப்த் கேஜும் சமம். செயின்மேல் பழி இல்லை என்றால் மிச்சம் பார்தான்.

இது 58 சிசி மெஷின். 18 இன்ச் பார், செயினின் பிட்ச் (கண்ணி இடைவெளி) .325 இன்ச், கேஜ் (செயினின் அடியில் நீட்டியிருக்கும் நாக்கின் தடிமன்) .058 இன்ச், 72 லிங்க். அந்தக் கேஜுக்கு, நாக்கு ஓடும் பாரின் பள்ளமான காடியின் அகலம் ஏறத்தாழ 1.5 மி.மீ.

பிளக் கேப்பைக் கழற்றிவிட்டுப் பாரை வெளியே எடுத்தேன். உடைந்த ஹேக்ஸா பிளேடு துண்டு ஒன்றைக் காடிக்குள் விட்டு இழுத்தால், எண்ணெயில் ஊறிய மரத்தூள் செக்கில் ஒதுங்கும் புண்ணாக்கு மாதிரி கறுப்பாகச் சுருண்டு வந்தது. எண்ணெய்த் துளை முழுக்க அடைப்பு. சைக்கிள் ஸ்போக்ஸால் குத்தி எடுத்தேன். எண்ணெய் வராமல் ஓடியதால் பாரின் கீழ் விளிம்பு ரெயிலில் (காடியின் இருபுறமும் நிற்கும் சுவர்தான் ரெயில்) ஓரிடம் நீலம் பாரித்திருந்தது. சூடேறி இரும்பு பதம் இழந்ததன் அடையாளம் அது. அந்த இடம்தான் வேகமாகத் தேயும்.

ரெயிலின் வெளி ஓரத்தில் பிசிறு. விரலால் தடவிப் பார்க்காதீர்கள், பிளேடு மாதிரி அறுத்துவிடும். கையுறை போட்டுக்கொண்டு பட்டை அரத்தைச் சற்றே சாய்த்து ஒரே திசையில் ராவினால், கம்பி கம்பியாக ஒடிந்து விழுகிறது.

நிஜக் கோளாறு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. மூலைமட்டத்தின் கட்டையைப் பாரின் பக்கவாட்டில் ஒட்டி வைத்து, அலகை இரண்டு ரெயிலுக்கும் குறுக்காகப் படுக்க வைத்தேன். ஒரு ரெயிலுக்கும் அலகுக்கும் நடுவே கீற்றாக வெளிச்சம். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் செயின் அந்தப் பக்கம் சாய்ந்து ஓடும், அறுவையும் சாய்ந்துதான் போகும். பல்லை எத்தனை தீட்டினாலும் இது மாறாது. எங்கள் பக்கத்து மெக்கானிக், "அண்ணே, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றார். காடியில் இன்னும் ஆழம் இருக்கும்போது எதற்கு?

பாரை வைஸில் பிடித்து, இரண்டு ரெயில் மேலும் மார்க்கர் பூசினேன். சதுரமாக இழைத்த தேக்குக் கட்டையைப் பக்கவாட்டில் அணைத்து, அதன்மேல் அரத்தை ஊன்றி நீளவாக்கில் ராவினேன். உயர்ந்த ரெயிலில் மை அழிகிறது, தாழ்ந்ததில் அப்படியே நிற்கிறது. இரண்டிலும் ஒரே நேரத்தில் மை அழியும்வரை ராவ வேண்டும். கை வலிக்கும். கிரைண்டரைத் தொட வேண்டாம், சூட்டில் பதம் போய்விடும். ராவி முடித்ததும் காடியின் உள் ஓரத்தில் புதுப் பிசிறு எழும்பும்; உப்புத்தாளை மடித்து உள்ளே விட்டுத் தேய்த்தால் போதும்.

அடுத்தது அகலம். செயினை மாட்டி ஒரு பல்லைப் பிடித்து ஆட்டினால், பாரின் நுனியான மூக்குப் பக்கம் நன்றாகவே சாய்ந்தது. அங்கே காடி விரிந்திருக்கிறது. 1.5 மி.மீ. தகட்டைக் காடிக்குள் வைத்து, பட்டறைக்கல் மேல் பாரைப் படுக்கப் போட்டு, சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தேன். ரெயில் ஓரம் கடினமாக்கப்பட்ட இரும்பு. ஓங்கி அடித்தால் தெறித்துவிடும். ஆட்டம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. செயின் நாக்குகளும் கொஞ்சம் தேய்ந்திருப்பதால் அது போகவும் போகாது.

காடியின் ஆழம் முக்கியம். .325 செயினுக்கு 6 மி.மீ.க்குக் கீழே போனால் நாக்கு அடியில் உரசும், அப்போது பார் குப்பைக்குத்தான். எனக்கு இன்னும் ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் மிச்சம் இருக்கிறது.

பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினேன். கீழ் ரெயிலுக்குத்தான் எப்போதும் பாரம் அதிகம் என்பதால், செயின் தீட்டும்போதெல்லாம் திருப்புவது நல்லது. பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றும் பழக்கம் நம்மூரில் எங்கும் உண்டு. அதிலுள்ள இரும்புப் பொடியே ரெயிலைத் தின்னும். நான் செயின் ஆயிலுக்கு மாறிவிட்டேன். வெள்ளை அட்டைக்கு நேரே மூக்கைக் காட்டி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், எண்ணெய்க் கோடு தெறிக்கிறது.

அதே வேம்பில் மறுபடி இறக்கினேன். ஒரு அடி ஆழத்துக்கு ஒரு நூல்கூட விலகவில்லை. மூக்கிலுள்ள சின்னச் சக்கரம் மட்டும் கிரீஸ் அடித்த பிறகும் லேசாகக் கரகரக்கிறது. அடுத்து செயினைச் சுழற்றும் பல்சக்கரமான கிளட்ச் பக்கத்து ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றிப் பார்க்கப்போகிறேன். அதில் தேய்ந்த பள்ளம் அரை மி.மீ.க்கு மேல் இருந்தால் மாற்றிவிட்டுத்தான் புதுச் செயின் மாட்டுவேன்.