அமெரிக்கப் புரட்சி: வரிப்பட்டியலைத் தாண்டி விடை எழுத

வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழில் எழுதுபவர்களுக்கு அமெரிக்கப் புரட்சி சுலபமான பாடமாகத் தெரியும். சட்டத்தின் பெயர், ஆண்டு, பாஸ்டன் துறைமுகம், 1776 என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். ஆனால் 2013 குடிமைப் பணி முதன்மைத் தேர்வில், அமெரிக்கப் புரட்சி வணிகவாதத்துக்கு (குடியேற்றங்களின் வணிகம் தாய்நாட்டின் லாபத்துக்கே என்ற கொள்கைக்கு) எதிரான பொருளாதாரக் கலகம் என்ற கருத்தை நிறுவச் சொன்னார்கள். அந்த மாதிரிக் கேள்விக்கு வெறும் வரிசை போதாது.

"பிரிட்டன் அதிக வரி போட்டது, மக்கள் கொதித்தார்கள்" என்பதுதான் வழக்கமான விடை. ஆனால் அமெரிக்காவில் பிரிட்டன் ஆண்ட 13 குடியேற்றங்களில் இருந்தவர்கள் கட்டிய வரி, பிரிட்டனில் இருந்தவர்கள் கட்டியதைவிட மிகக் குறைவு. அப்படியானால் கோபம் எங்கிருந்து வந்தது? நான் படிக்கும்போது ஒவ்வொரு சட்டத்தையும் மூன்று கேள்விகளோடு குறித்து வைத்தேன்: வரியை விதிப்பது யார், வசூலான பணம் யார் கைக்குப் போகிறது, பிடிபட்டால் விசாரிப்பது யார். இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதத் தொடங்கியதும் பாடம் முழுக்க வேறு மாதிரி தெரிந்தது.

பின்னணியைச் சுருக்கமாக முடியுங்கள். பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் சுமார் 13 கோடி பவுண்டு. அமெரிக்காவில் சுமார் 10,000 வீரர்களை நிறுத்திவைக்க நினைத்தார்கள், அந்தச் செலவில் ஒரு பங்கைக் குடியேற்றங்கள் ஏற்க வேண்டும் என்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த அரச பிரகடனம் அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே குடியேறுவதைத் தடுத்தது. அந்த நிலம் பூர்வகுடிகளுடையது என்று ஒரு வாக்கியம் சேருங்கள். குடியேறிகளின் சுதந்திரப் பேச்சில் பூர்வகுடிகளுக்கு இடமில்லை என்பதை மறைத்து எழுதும் விடை முழுமையானது அல்ல.

நிறுத்தி எழுத வேண்டிய இடம் 1764 சர்க்கரைச் சட்டம். 1733 முதல் அந்நிய வெல்லப்பாகுக்கு காலனுக்கு 6 பென்ஸ் வரி இருந்தது. நியூ இங்கிலாந்தில், அதாவது மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்குக் குடியேற்றங்களில், ரம் காய்ச்சுபவர்களுக்கு வெல்லப்பாகு இல்லாமல் பிழைப்பில்லை. அதனால் கடத்தலும் சுங்க அதிகாரிக்குக் கைக்கூலியும் சாதாரணமாக நடந்தன. பிரதமர் கிரென்வில் வரியை 3 பென்ஸாகப் பாதி குறைத்தார். ஆனால் இம்முறை வசூலித்தே தீருவது என்று முடிவு செய்தார். கடத்தல் வழக்குகள் ஜூரி (உள்ளூர் மக்களிலிருந்து எடுக்கும் நடுவர் குழு) இல்லாத கடல்சார் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றானது. அங்கே நீதிபதி ஒருவரே தீர்ப்பு சொல்வார். கப்பல்காரர்தான் தன் சரக்கு நேர்மையானது என்று நிரூபிக்க வேண்டும். வரி குறைந்தது, கட்டுப்பாடு இறுகியது. இந்த ஒரு உதாரணத்தைச் சரியாக எழுதினாலே உங்கள் வாதம் நிலைத்துவிடும்.

1765 முத்திரைச் சட்டம் எல்லோருக்கும் தெரியும். செய்தித்தாள், பத்திரம், உரிமம், சீட்டுக்கட்டு வரை வரி கட்டியதற்கான முத்திரை வேண்டும். பலர் விட்டுவிடும் விஷயம், அந்த வரியை பிரிட்டிஷ் நாணய மதிப்பில் கட்ட வேண்டியிருந்தது. முந்தைய ஆண்டுதான் நாணயச் சட்டம் குடியேற்றங்களின் காகிதப் பணத்துக்குக் கடிவாளம் போட்டிருந்தது. இன்னொன்று, இந்த வரி விழுந்தது வழக்கறிஞர், அச்சகத்தார், வணிகர் மேல். எழுதவும் பேசவும் தெரிந்தவர்களை ஒரே நேரத்தில் சீண்டினால் எதிர்ப்பு எப்படிப் பரவும் என்று யோசியுங்கள். அக்டோபரில் நியூயார்க்கில் 9 குடியேற்றங்களின் பிரதிநிதிகள் இதை எதிர்க்கக் கூடினார்கள்.

பிரிட்டன் தரப்பையும் எழுதுங்கள். பிரிட்டனிலேயே மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூட நாடாளுமன்றத்தில் உறுப்பினர் கிடையாது, இருந்தாலும் நாடாளுமன்றம் எல்லோருக்காகவும்தான் பேசுகிறது என்பது அவர்கள் வாதம். குடியேறிகளுக்கு அது எடுபடவில்லை. அவர்களுக்கு உள்ளூரிலேயே தேர்ந்தெடுத்த சட்டசபைகள் இருந்தன, அவைதான் பல தலைமுறைகளாக அவர்களுக்கு வரி விதித்துவந்தன.

1766 மார்ச்சில் முத்திரைச் சட்டம் ரத்தானது. அதோடு சேர்ந்தே வந்த பிரகடனச் சட்டத்தை மறக்கவே கூடாது. எந்த விஷயத்திலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றத் தனக்கு அதிகாரம் உண்டு என்று நாடாளுமன்றம் அதில் எழுதிவைத்தது. பணம் போனாலும் அதிகாரத்தை விடமாட்டோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1767 டவுன்ஷெண்ட் சட்டங்களில் கண்ணாடி, ஈயம், பெயின்ட், காகிதம், தேயிலை என்று பொருள்களை மட்டும் பட்டியலிட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்த வருவாய் எதற்கு என்பதுதான் விஷயம். ஆளுநருக்கும் நீதிபதிக்கும் அதிலிருந்து சம்பளம் கொடுப்பது நோக்கம். அதுவரை பல இடங்களில் சம்பளத்தை உள்ளூர் சட்டசபைதான் ஒதுக்கியது. ஆளுநர் சட்டசபையின் பேச்சைக் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. அந்தப் பிடி போய்விடும். மாசசூசெட்ஸில் அப்படியே நடந்தது. ஆளுநர், நீதிபதிகள் சம்பளம் மன்னரிடமிருந்தே வரும் என்று 1772இல் தெரிந்ததும், பாஸ்டன் எதிர்ப்பாளர்களின் தலைவர் சாமுவேல் ஆடம்ஸ் முயற்சியில் அங்கே கடிதத் தொடர்புக் குழு (ஊர்களுக்கிடையே கடிதம் மூலம் எதிர்ப்பை ஒருங்கிணைக்கும் குழு) உருவானது. மற்ற ஊர்களும் அதைப் பின்பற்றின. புரட்சிக்கான வலைப்பின்னல் சம்பளப் பிரச்சினையில் பிறந்தது என்று எழுதினால் விடை தனியாகத் தெரியும்.

அடுத்து தேயிலை. 1770இல் டவுன்ஷெண்ட் வரிகள் நீங்கின, தேயிலைக்கு மட்டும் ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் நின்றது. 1773 தேயிலைச் சட்டம் புதிய வரி எதையும் போடவில்லை, தேயிலை விலையைக் குறைத்தது. நெருக்கடியில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்பலாம், தேர்ந்தெடுத்த முகவர்கள் மூலம் விற்கலாம் என்றது. பாஸ்டன் முகவர்களில் ஆளுநர் ஹட்சின்சனின் மகன்களும் இருந்தார்கள். மலிவான தேநீரைக் குடித்தால் பிரிட்டனின் வரி விதிக்கும் உரிமையை ஏற்றதாகிவிடும், உள்ளூர் வணிகரும் ஒழிந்துவிடுவார் என்பது குடியேறிகளின் பயம். டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் எதிர்ப்பாளர்கள் 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: கம்பெனி என்றதும் இந்தியத் தேயிலை என்று எழுதிவிடாதீர்கள். அது சீனத் தேயிலை. அசாம் தேயிலை அடுத்த நூற்றாண்டு விஷயம்.

அதற்குத் தண்டனையாக 1774இல் வந்த அடக்குமுறைச் சட்டங்களில் வரியே இல்லை. பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. மாசசூசெட்ஸ் மேலவை உறுப்பினர்களை மன்னரே நியமிப்பார் என்றானது. ஆளுநர் அனுமதி இல்லாமல் ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒருமுறைதான். செப்டம்பரில் பிலடெல்பியாவில் 12 குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள், ஜார்ஜியா மட்டும் வரவில்லை. பெரும்பாலானோர் அப்போதும் விடுதலை கேட்கவில்லை, பழைய உரிமைகளைத் திருப்பித் தரச் சொன்னார்கள். 1775 ஏப்ரலில் மாசசூசெட்ஸின் லெக்சிங்டனில் பிரிட்டிஷ் படையோடு மோதித் துப்பாக்கி வெடித்த பிறகும் ஜூலையில் மன்னருக்குச் சமாதான மனு போனது. இந்தத் தயக்கத்தை எழுதாமல் நேராக 1776க்குத் தாவுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

1776 விடுதலைப் பிரகடனத்தையும் முழுசாக ஒருமுறை வாசியுங்கள், சுருக்கத்தை அல்ல. மன்னர் மேல் 27 குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. சம்மதமின்றி வரி விதித்தது அதில் ஒரே ஒரு குற்றச்சாட்டுதான். சட்டசபைகளைக் கலைத்தது, நீதிபதிகளின் பதவியையும் சம்பளத்தையும் தன் கையில் வைத்தது, அமைதிக் காலத்தில் படை நிறுத்தியது, ஜூரி விசாரணையைப் பறித்தது எல்லாம் தனித்தனியாக வருகின்றன. பொருளாதாரக் கலகம் என்று கேள்வி வந்தால் கடல்வழிச் சட்டங்கள் (குடியேற்றங்களின் கடல் வணிகத்தைப் பிரிட்டனோடு கட்டிப்போட்ட சட்டங்கள்), வெல்லப்பாகு, காகிதப் பணம், தேயிலை ஏகபோகம் ஆகியவற்றை முதலில் எழுதி அந்தக் கருத்துக்கு உரிய இடம் கொடுங்கள். அப்புறம் கடைசிப் பத்தியில் இந்தக் குற்றச்சாட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்குக் காரணமான சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் வையுங்கள்.