டைனமோவில் கேட்ட ரஹ்மான்

1993இல் ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை எடுத்த எங்கள் வகுப்புக்காரருக்கு அந்தச் சைக்கிள் நினைவிருக்கும். போரால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்று இரண்டு வருடத்துக்கு மேல். பற்றரிக்கும் தடை. விடுதி அறையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்துப் பெடலைக் கையால் சுற்றுவோம். டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கசெட் றெக்கோடர் ஓடும். ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த ‘ரோஜா’ பாட்டுகளை நான் முதலில் கேட்டது அப்படித்தான். சுற்றுகிறவனுக்குக் கை ஓய்ந்தால் பாடகி மின்மினியின் குரல் தடித்து இழுபடும். “சுத்தடா, பாட்டுச் சாகுது!” என்று இருட்டுக்குள் கத்துவோம். கொப்பி பண்ணிப் பண்ணித் தேய்ந்த கசெட் அது. ஆனாலும் இது புதுசு என்று எல்லோருக்கும் விளங்கியது.

லண்டன் வந்து முதல் சம்பளத்தில் அதே பாட்டுகளைச் சீடியில் வாங்கினேன். ஹெட்போனை மாட்டியதும் அப்படியே இருந்துவிட்டேன். அடியில் ஓடுகிற பேஸ், எங்கோ தூரத்தில் வந்து மறைகிற ஒலிகள், ஒன்றுமே டைனமோவில் கேட்டதில்லை.

அப்புறம்தான் ரஹ்மானைப் பற்றித் தேடி வாசித்தேன். ஒன்பது வயதில் தகப்பன் ஆர்.கே.சேகரை இழந்தவர். அவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்குக் கொடுத்துத்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கீபோர்ட் வாசிக்கப் போனார். கோடம்பாக்கத்தில் அந்தக் காலத்தில் வாத்தியக்காரர் எல்லோரும் ஒரு கூடத்தில் கூடி ஒன்றாக வாசித்துத்தான் பதிவார்கள். இவர் 1989இல் வீட்டோடு கட்டிய ஸ்டூடியோவில், இரவிரவாக, ஒவ்வொரு ஒலியாகத் தனியே பதிந்து அடுக்கினார். விளம்பரப் பாட்டுகளில் பழகிய கை. அவருடைய மெட்டுகளைவிட இந்த அடுக்குவேலையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

முதல் படத்துக்கே தேசிய விருது. அந்த நடுவர் குழுவின் தலைவர் மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா என்பதில் எனக்கு இன்றும் ஒரு சந்தோசம்.

2009 பெப்ரவரியில் ரஹ்மான் இரண்டு ஒஸ்கார் வாங்கிய இரவில், அந்த மேடையில் “எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்று தமிழில் சொன்னபோது லண்டனில் விடியப்புறம். கண் கலங்கிவிட்டது. ரொறொன்ரோவில் இருக்கும் என் அறை நண்பனுக்கு உடனே போன் எடுத்தேன். அதிகம் பெடல் சுற்றியவன் அவன்தான். அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

பிறகு கேட்டான்: “மச்சான், அந்தச் சைக்கிள் ஆருடையதடா?”